பழைய சொகுசு எலக்ட்ரிக் கார், புதிய மலிவு எலக்ட்ரிக் கார்: நெல்லைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போவது வழக்கம். பாளையங்கோட்டை, தென்காசி, வள்ளியூர், திசையன்விளை என்று எங்கே போனாலும் முன்பெல்லாம் இன்னோவாவா எர்டிகாவா என்பதோடு பேச்சு முடிந்துவிடும். இப்போது பேச்செல்லாம் பச்சை நம்பர் பிளேட்டு, அதாவது எலக்ட்ரிக் கார். அதிலும் ஒரு கோடிக்கு வாங்கிய எலக்ட்ரிக் காரை விற்கப் பார்க்கிறவர்களும், அதை அடிமாட்டு விலைக்கு அமுக்கப் பார்க்கிறவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பது ஒரே கேள்விகளைத்தான். அவர்கள் கேட்டபடியே கீழே போட்டிருக்கிறேன்.

பெட்ரோல் பென்ஸ் விலை இறங்குறது தெரிஞ்ச கதை. எலக்ட்ரிக் பென்ஸ் மட்டும் ஏன் அண்ணாச்சி அதவிட வேகமா இறங்குது?

2020 மாடல் பெட்ரோல் எஞ்சினுக்கும் இன்றைய பெட்ரோல் எஞ்சினுக்கும் ஓட்டுகிறவருக்குத் தெரியும்படி பெரிய வித்தியாசம் கிடையாது. எலக்ட்ரிக்கில் அப்படியில்லை. 2020 அக்டோபரில் மெர்சிடிஸ் இக்யூசி இங்கே வந்தபோது ஷோரூம் விலையே 99.30 லட்சம், பேட்டரி 80 கிலோவாட்-ஹவர், அதாவது நம் ஈபி பில் கணக்கில் 80 யூனிட். அதே வருடம் ஜனவரியில் வந்த டாடா நெக்ஸான் இவி சுமார் 14 லட்சம், பேட்டரி 30.2 யூனிட். நடுவில் கோனா, எம்ஜி இசட்எஸ் என்று ஒன்றிரண்டு, அவ்வளவுதான். ஒரே சார்ஜில் மதுரைக்குப் போய்த் திரும்பக்கூடிய பெரிய பேட்டரி வேண்டுமென்றால் கோடியை எடுத்து வைக்க வேண்டும், வேறு வழி இல்லை.

2024 நவம்பரில் மஹிந்திரா பிஇ 6, எக்ஸ்இவி 9இ இரண்டையும் கொண்டுவந்தது. ஆரம்ப விலை 18.90 லட்சமும் 21.90 லட்சமும், 79 யூனிட் பேட்டரி போட்ட உயர்ந்த எக்ஸ்இவி 9இ வேண்டுமென்றால் 30.50 லட்சம். 2025 ஜூனில் 21.49 லட்சம் ஆரம்ப விலையில் ஹாரியர் இவி, அதில் 75 யூனிட் வரை. கோடி ரூபாய் கொடுத்துத்தான் வாங்க முடியும் என்றிருந்த பேட்டரி, அதில் மூன்றில் ஒரு பங்கு விலைக்கு, புத்தம் புதிதாக, வாரன்டியோடு ஷோரூமில் நிற்கிறது. பழைய வண்டியில் கோளாறு ஒன்றும் வந்துவிடவில்லை, பக்கத்தில் வந்து நிற்கிற புது வண்டிதான் அதன் விலையை இழுக்கிறது.

அதுக்காக மஹிந்திராவும் ஆடியும் ஒண்ணாயிருமா?

ஆகாது. ஆடியின் சொகுசு எலக்ட்ரிக்கான இ-ட்ரானில் ஏர் சஸ்பென்ஷன் உண்டு, அதாவது ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப்பை. நாங்குநேரி தாண்டி ஏதாவது கிராமத்து ரோட்டில் அதை ஒரு தடவை ஓட்டிப் பார்த்தால் வித்தியாசம் உடம்புக்கே தெரியும். கதவு மூடுகிற சத்தம், உள்ளே வராத காற்றுச் சத்தம், சீட்டின் தையல், பத்து வருடம் ஆனாலும் கடகடக்காத டேஷ்போர்டு, இதெல்லாம் இருபது லட்சத்தில் வராது.

ஆனால் ரீசேலில் காசு தருவது அதற்கு இல்லை. 2021-ல் அந்த வண்டியைப் பார்த்து வாய் பிளந்தது பெரிய ஸ்கிரீனுக்கும், மிதித்தவுடன் பாய்கிற பிக்கப்புக்கும், ஒரே சார்ஜில் 300 கிலோமீட்டர் ஓடுவதற்கும். அது மூன்றும் இப்போது மலிவு வண்டியிலேயே இருக்கிறது. எக்ஸ்இவி 9இ-யில் டேஷ்போர்டு முழுக்க மூன்று ஸ்கிரீன். பழைய சொகுசுக் காரில் மிஞ்சியிருப்பது சொகுசும் முன்னால் இருக்கிற லோகோவும் மட்டும். சொகுசுக்காகப் பழைய வண்டி வாங்குகிறவர் நம் ஊரில் குறைவு, லோகோவுக்காக வாங்குகிறவர் பெரும்பாலும் புதுசாகத்தான் வாங்குவார். ஆளே குறைந்த சந்தையில் விலை எப்படி நிற்கும்?

வெளிநாட்டுலயும் இப்படித்தானா, இல்ல நம்ம ஊரு புரோக்கர் பண்ணுத வேலையா?

புரோக்கர் பாவம். 2023 ஜனவரியில் அமெரிக்காவில் டெஸ்லா தன் புதுக் கார் விலையைச் சில மாடல்களில் 20 சதவீதம் வரை குறைத்தது. முந்தின மாதம் வாங்கியவருடைய வண்டி விலை தூங்கி எழுந்திருப்பதற்குள் இறங்கிவிட்டது. வாடகைக்குக் கார் விடுகிற ஹெர்ட்ஸ், விலை இப்படி இறங்குவதையும் ரிப்பேர் செலவையும் காரணம் காட்டி 2024 ஜனவரியில் சுமார் 20,000 எலக்ட்ரிக் கார்களை விற்கப்போவதாக அறிவித்தது, அது மொத்தமாகச் சந்தைக்கு வந்ததில் பழைய விலை இன்னும் கொஞ்சம் இறங்கியது. நம் நாட்டிலும் 2024 பிப்ரவரியில் நெக்ஸான் இவி விலையை 1.2 லட்சம் வரை டாடா குறைத்தது, பேட்டரி விலை இறங்கியதைத்தான் காரணமாகச் சொன்னார்கள்.

பேட்டரி விலை அவ்வளவு இறங்கிட்டுன்னா, பழைய வண்டிக்கும் மாத்து பேட்டரி மலிவாத்தானே கிடைக்கணும்?

நியாயமான கேள்வி, ஆனால் கணக்கு அப்படி வராது. ப்ளூம்பெர்க் என்இஎஃப் என்ற எரிசக்தி ஆய்வு நிறுவனம் வருடா வருடம் போடுகிற கணக்கில் 2023-ல் யூனிட்டுக்கு 139 டாலராக இருந்த சராசரி பேட்டரி விலை 2024-ல் 115 டாலருக்கு வந்தது. 80 யூனிட்டுக்குப் பெருக்கினால் சுமார் எட்டு லட்சம் ரூபாய். இது கார் கம்பெனிகள் லட்சக்கணக்கில் மொத்தமாக வாங்குகிற விலையின் உலக சராசரி. தயாரிப்பே நின்றுபோன ஒரு மாடலுக்கு, வெளிநாட்டிலிருந்து ஒற்றைப் பேட்டரியாக, சுங்கமும் கட்டி, ஸ்பேர் பார்ட்டாக வருகிற விலைக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது.

ஒரு ஆறுதல் உண்டு. முழுப் பேட்டரியும் ஒரேயடியாகப் போவது அபூர்வம். இ-ட்ரான் 55-ன் பேட்டரிக்குள் 36 மாட்யூல்கள், அதாவது தனித்தனிக் கட்டுகள், இருக்கின்றன, ஒன்றிரண்டு கெட்டால் அதை மட்டும் மாற்ற வழி உண்டு. ஆனால் ஹை வோல்டேஜ் வேலைக்குப் பயிற்சி எடுத்த ஆளும் பட்டறையும் வேண்டும், அதற்கு பிராண்டைப் பொறுத்து மதுரைக்கோ திருவனந்தபுரத்துக்கோ கோயம்புத்தூருக்கோ வண்டியை ஏற்றிக்கொண்டு போக வேண்டும். வண்ணார்பேட்டை மெக்கானிக் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் ஹை வோல்டேஜ் ஓடுகிற அந்த ஆரஞ்சு நிற கேபிளைத் தொட விடாதீர்கள்.

வாரன்டிதான் எட்டு வருஷம் இருக்கே, பிறகென்ன பயம்?

எட்டு வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர், எது முந்துகிறதோ அது. இந்த சொகுசு வண்டிகளில் பேட்டரிக்குப் பெரும்பாலும் இதுதான் கணக்கு. நீங்கள் வாங்குகிற நாளிலிருந்து எட்டு வருடம் என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள்! முதல் உரிமையாளர் எடுத்த நாளிலிருந்துதான். 2020 கடைசியில் எடுத்த வண்டிக்கு 2028 கடைசியில் முடிகிறது, அந்தத் தேதி நெருங்க நெருங்க வாங்க வருகிறவர் பேட்டரிச் செலவு மொத்தத்தையும் மனதில் கழித்துக்கொண்டுதான் விலை கேட்பார்.

இந்த இடத்தில்தான் புது வண்டி பலமாக அடிக்கிறது. மஹிந்திராவின் இந்த இரண்டு மாடலுக்கும் சொந்த உபயோகத்துக்கு எடுத்த முதல் உரிமையாளருக்குப் பேட்டரி வாரன்டி வாழ்நாள் முழுக்க, கைமாறினால் பத்து வருடம் அல்லது இரண்டு லட்சம் கிலோமீட்டர். அதாவது அதைப் பழையதாக வாங்குகிறவருக்கே, கோடி ரூபாய் வண்டியைப் புதிதாக எடுத்தவருக்குக் கிடைத்ததைவிட அதிகம் கிடைக்கிறது. வாரன்டி புத்தகத்தை வாங்கி, எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள் (பல கம்பெனிகளில் 70), இடையில் கம்பெனி சர்வீஸ் விட்டுப்போனால் என்ன ஆகும் என்ற இரண்டையும் படித்துப் பாருங்கள்.

தூத்துக்குடிலயே எலக்ட்ரிக் கார் கம்பெனி வந்துட்டுல்லா. இனி இன்னும் இறங்குமோ?

வின்ஃபாஸ்ட்டைச் சொல்கிறீர்கள். வியட்நாம் கம்பெனி, 2024 பிப்ரவரியில் அடிக்கல், 2025 ஆகஸ்ட் 4-ல் திறப்பு, ஆரம்பத்தில் வருடத்துக்கு 50,000 வண்டி வரை செய்கிற வசதி. அடுத்த மாதமே விஎஃப் 6 16.49 லட்சத்துக்கும் விஎஃப் 7 20.89 லட்சத்துக்கும் வந்தன. பாளையிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் தொழிற்சாலை என்பதால் நம் ஊருக்கு மட்டும் தனி விலை என்றெல்லாம் ஒன்றும் இல்லை. ஆனால் இருபது லட்சத்தைச் சுற்றி நிற்கிற புது எலக்ட்ரிக் வண்டிகளின் கூட்டத்தில் இன்னும் இரண்டு சேர்ந்திருக்கின்றன, பழைய சொகுசு வண்டிக்காரர் இவற்றோடும் மல்லுக்கட்ட வேண்டும். இதே வண்டிகள் ஐந்து வருடம் கழித்து என்ன விலைக்குப் போகும் என்று இப்போதே அடித்துச் சொல்கிறவரை நம்பாதீர்கள்.

ஜிஎஸ்டி குறைச்சாங்களே, அதுல எலக்ட்ரிக் வண்டிக்கு லாபம்தானே?

பழைய சொகுசு எலக்ட்ரிக்குக்கு அது இன்னொரு அடி. எலக்ட்ரிக்குக்கு 2019 ஆகஸ்ட் முதலே 5 சதவீதம், அதில் மாற்றம் இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் குறைந்தது மற்றதற்கு. பெரிய பெட்ரோல், டீசல் வண்டிகளுக்கு 28 சதவீதமும் அதன் மேல் செஸ் என்கிற கூடுதல் வரியுமாக 50 சதவீதம் வரை இருந்தது, இப்போது செஸ் கிடையாது, மொத்தமே 40. புது சொகுசு பெட்ரோல் வண்டி விலை இறங்கினால் பழைய சொகுசு எலக்ட்ரிக் எந்த முகத்தோடு விலை கேட்கும்? கீழேயிருந்து மஹிந்திரா, மேலேயிருந்து இது.

வாழ்நாள் வரியையும் சேர்த்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட பெட்ரோல் காருக்கு 20 சதவீதம், ஆக 50 லட்சம் வண்டிக்குப் பத்து லட்சம் வரி. பழைய பெட்ரோல் வண்டி விலைக்குள் அந்தப் பத்து லட்சமும் கொஞ்சம் ஒளிந்திருக்கும். எலக்ட்ரிக் வண்டிக்கு முழு விலக்கில் பதிவு பண்ணினீர்கள் அல்லவா, கட்டாத வரியை வாங்குகிறவர் உங்களுக்குத் திருப்பித் தரமாட்டார்.

பெங்களூர்ல பாதி விலைக்குக் கிடைக்கு. போய் எடுத்துட்டு வந்துரலாமா?

வரலாம், அவசரப்படாமல். அங்கிருந்து படிவம் 28-ல் தடையில்லாச் சான்று, உரிமை மாற்றத்துக்கு 29-ம் 30-ம், கடன் இருந்தால் அதை ஆர்சியிலிருந்து நீக்க 35. இந்தக் காகிதம் எதுவும் கைக்கு வராமல் முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வெளி மாநில எலக்ட்ரிக் வண்டிக்கு இங்கே மறுபதிவில் வரி உண்டா என்பதை அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே உங்கள் ஆர்டிஓ ஆபீஸில் கேட்டு வைத்துவிடுங்கள். கேஏ நம்பரை டிஎன் 72 ஆக்கிய வண்டியை நாளைக்கு நீங்கள் விற்கப் போகும்போதும் ‘லோக்கல் வண்டி இல்லையே’ என்று ஒரு கழிவு கழிப்பார்கள், அதையும் இப்போதே கழித்துக் கேளுங்கள்.

டிரக்கில் ஏற்றிக்கொண்டு வராதீர்கள். ஓட்டிக்கொண்டே வாருங்கள். சுமார் அறுநூறு கிலோமீட்டர் ஓடி, வழியில் இரண்டு மூன்று இடத்தில் ஃபாஸ்ட் சார்ஜ் போட்டால் வண்டியின் யோக்கியதை அத்தனையும் தெரிந்துவிடும். முடிந்தால் மீதிப் பணத்தை அதற்கப்புறம் தருவதாகப் பேசுங்கள்.

பேட்டரி எவ்வளவு தேஞ்சிருக்குன்னு நம்மளே பாக்க முடியுமா?

ஓரளவு முடியும். ‘இன்னும் 340 கிலோமீட்டர் ஓடும்’ என்று ஸ்கிரீன் காட்டுவதை மறந்துவிடுங்கள், அது முந்தைய ஓட்டத்தை வைத்துப் போடுகிற உத்தேசம். 100 சதவீதம் ஏற்றி, டிரிப் மீட்டரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, நான்குவழிச் சாலையில் மதுரைக்கு விடுங்கள். 160 கிலோமீட்டர் ஓடியபின் சராசரிச் செலவு நூறு கிலோமீட்டருக்கு 24 யூனிட் என்று காட்டினால் மொத்தம் 38.4 யூனிட் செலவு. சார்ஜ் 100-லிருந்து 48-க்கு வந்திருந்தால் 52 சதவீதம் போயிருக்கிறது. 38.4-ஐ 0.52-ஆல் வகுத்தால் சுமார் 74. எண்பது யூனிட் பேட்டரியில் 74 மிச்சம், நல்ல வண்டி. அறுபத்திரண்டு, அறுபத்து மூன்று என்று வந்தால் விலை பேசுவதற்கு முன்னால் கம்பெனி சர்வீஸ் சென்டரில் எஸ்ஓஎச் ரிப்போர்ட் (பேட்டரியின் ஆரோக்கியம் எத்தனை சதவீதம் என்பது) கேளுங்கள். விற்கிறவர் ரிப்போர்ட் எடுக்கவே தயங்கினால் அதுவே பதில்.

நாகர்கோவில் பக்கம் ஓட்டிப் பார்க்கிறவர்கள் ஆனி, ஆடி மாதமாக இருந்தால் போக வர இரண்டு பக்கமும் அளந்து சராசரி எடுங்கள். ஆரல்வாய்மொழிக் காற்றை எதிர்த்து ஓடும்போது யூனிட் செலவு எகிறும், அதைப் பார்த்துவிட்டு ‘ரேஞ்சே இல்லாத வண்டி’ என்று ஓடிவந்துவிடாதீர்கள்.

2023 வெள்ளத்துல நின்ன வண்டியான்னு எப்படிக் கண்டுபிடிக்க?

நெல்லை டிஎன் 72, தூத்துக்குடி டிஎன் 69 வண்டி என்றால் நான் முதலில் பார்ப்பதே இதைத்தான். 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது, தாமிரபரணி கரை தாண்டி நெல்லை ஜங்ஷன், சிந்துபூந்துறை, கைலாசபுரம் என்று உள்ளே வந்ததில் எத்தனையோ வண்டிகள் மூழ்கின. எலக்ட்ரிக் கார் பேட்டரி ஐபி67 என்பார்கள், அது ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்குவதற்கான தரம், சேற்றுத் தண்ணீரில் ஒரு பகல் ஒரு ராத்திரி நிற்பதற்கானது இல்லை.

சீட் பெல்ட்டை மெதுவாக, கடைசி வரைக்கும் உருவுங்கள். உருளைக்குள்ளேயே சுற்றிக் கிடக்கிற கடைசி ஒரு முழத்தை யாரும் கழுவ மாட்டார்கள், தண்ணீர் ஏறியிருந்தால் அந்தத் துணியில் செம்மண் நிறத்தில் ஒரு கோடு நிற்கும், விரலால் தேய்த்தால் மாவு போல ஒட்டும். முன் சீட்டைப் பின்னால் தள்ளிவிட்டு அடியில் இருக்கிற போல்ட் தலைகளை டார்ச் அடித்துப் பாருங்கள், ஐந்து வருட வண்டியில் அங்கே துரு இருக்கக் காரணமே இல்லை. டிக்கி கார்பெட்டைத் தூக்கி அடிப்பக்கத்தை முகர்ந்து பாருங்கள். சென்ட் வாசம் தூக்கலாக அடித்தால் சந்தேகம் அதிகமாகட்டும். அப்புறம் ஸ்கேன் போடச் சொல்லி இன்சுலேஷன் சம்பந்தமான பழைய கோளாறு எதுவும் பதிவாகியிருக்கிறதா என்றும், இன்சூரன்ஸில் அந்த டிசம்பர், ஜனவரியில் கிளெய்ம் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஆகியிருந்தால் எவ்வளவு மலிவாகத் தந்தாலும் நான் வாங்கச் சொல்லமாட்டேன்.

ஒரு கோடி குடுத்து எடுத்தத நாப்பத்தஞ்சுக்குக் கேக்காங்க. இப்ப வித்துரவா, வச்சுக்கிடவா?

போன ஐம்பத்தைந்து லட்சம் விற்றாலும் வராது, வைத்திருந்தாலும் வராது. அடுத்த இரண்டு வருடத்தில் இன்னும் எவ்வளவு போகும் என்பதுதான் உங்கள் கேள்வியாக இருக்க வேண்டும். மாதம் இரண்டாயிரம் கிலோமீட்டர் ஓடுகிறது, வீட்டில் சார்ஜர் இருக்கிறது, வண்டி பிடித்திருக்கிறது என்றால் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய அடி ஏற்கெனவே விழுந்துவிட்டது. ஷெட்டில் போர்வை மூடி நிற்கிற வண்டி என்றால், வாரன்டி குறைந்தது இரண்டு வருடமாவது மிச்சம் இருக்கும்போது கொடுத்துவிடுங்கள், காரணம் மேலே சொன்னதுதான். இன்சூரன்ஸ் ஐடிவியை, அதாவது பாலிசியில் வண்டிக்குப் போட்டிருக்கிற மதிப்பை, காட்டி விலை பேசாதீர்கள். அது நான்கு வருடம் முடிந்தால் 50 சதவீதக் கழிவு என்று எல்லா வண்டிக்கும் போடுகிற பொது அட்டவணை, சந்தைக்கு அதெல்லாம் தெரியாது.

வண்டி கம்பெனி பேர்ல இருக்கு. ஆடிட்டர் ‘லாபத்துல விக்கீங்க’ன்னு சொல்லுதாரு, எனக்குப் புரியலையே?

பாதி விலைக்குக் கொடுப்பது எப்படி லாபமாகும் என்று கோபம் வரும்தான். தொழில் கணக்கில் எலக்ட்ரிக் காருக்கு வருடம் 40 சதவீதம் தேய்மானம் போடலாம், சாதாரணக் காருக்கு 15. ஒரு கோடி வண்டி முதல் வருடக் கடைசியில் 60 லட்சம், அப்புறம் 36, மூன்றாம் வருடம் 21.6 லட்சம். புத்தகத்தில் 21.6 நிற்கிற வண்டியை 45-க்கு விற்றால் வித்தியாசம் 23.4 லட்சம், ஜிஎஸ்டி பதிவு உள்ளவர் அந்த வித்தியாசத்துக்கு 18 சதவீதம், அதாவது சுமார் 4.21 லட்சம் கட்ட வேண்டும். 2025 ஜனவரி முதல் பழைய எலக்ட்ரிக்குக்கும் இதே 18. வருமான வரியிலும் விற்ற தொகை அந்தத் தேய்மானக் கணக்கிலிருந்து கழியும். தனி ஆள் தன் சொந்த வண்டியை விற்றால் இந்த ஜிஎஸ்டி கிடையாது.

சந்தை விலைக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு. இந்த 40 சதவீதத்துக்காகவே ஆடிட்டர் சொல்லிச் சொகுசு எலக்ட்ரிக் வாங்கிய முதலாளிகள் நிறைய. வரியில் ஏற்கெனவே எடுத்துவிட்டார்கள், அதனால் 45-தான் வேண்டும் என்று அடம்பிடிக்காமல் 40-க்கும் கொடுத்துவிட்டுப் போவார்கள். சொந்தச் சம்பளத்தில் வாங்கியவர் 55 கேட்டுக்கொண்டு நின்றால் அவர் வண்டி நின்றுகொண்டேதான் இருக்கும்.

கையில இருபத்தஞ்சு லட்சம் இருக்கு. புது மஹிந்திராவா, அதே காசுக்குப் பழைய பெரிய வண்டியா? ஒரே வார்த்தைல சொல்லுங்க.

புதுசு. ஒரே வார்த்தை கேட்டதால் இது, ஆனால் எல்லோருக்கும் இல்லை. வீட்டில் இன்னொரு கார் இருந்து, இது பழுதாகிப் பத்து நாள் மதுரையில் நின்றாலும் பரவாயில்லை என்பவருக்குப் பழைய பெரிய வண்டி நல்ல சுகம்தான். புது வண்டிக்காரர் சார்ஜ் 175 கிலோவாட் வேகத்தில் ஏறும் என்று பெருமை பேசுவார். இக்யூசி 110 வரைதான். ஆனால் நீங்கள் போகிற வழியில் நிற்பது 60 கிலோவாட் சார்ஜர் என்றால் இரண்டு வண்டியும் ஒரே நேரம்தான் டீ குடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

விலை பேசும்போது, ‘ஒரு கோடி வண்டி, எழுபத்தைந்து சதவீதம் தள்ளுபடி’ என்று மேலேயிருந்து இறங்காதீர்கள். அதே அளவு பேட்டரியுள்ள புது வண்டி இன்று என்ன விலை என்பதில் தொடங்கி, குறைந்துபோன வாரன்டி வருடங்களுக்கும், 20 இன்ச் டயர் ஒரு செட்டுக்கும், சர்வீஸுக்குப் போக வர ஆகிற அலைச்சலுக்கும் கழித்துக்கொண்டே வாருங்கள். சொகுசுக்கு என்று எவ்வளவு கூட்டிப் போடுவது என்பது உங்கள் மனசு.

புதுசுலயே பேட்டரிக்கு வாடகை கட்டுத மாதிரி வந்திருக்கே. அத ரெண்டாவது கையா வாங்கலாமா?

2024 செப்டம்பரில் எம்ஜி விண்ட்சர் அப்படித்தான் வந்தது. வண்டி 9.99 லட்சம், பேட்டரிக்குக் கிலோமீட்டருக்கு 3.50 ரூபாய். பேட்டரியோடு முழுசாக எடுத்தால் 13.50 லட்சத்திலிருந்து. இந்த வகை வண்டியைப் பழையதாக வாங்கும்போது ஆர்சியில் பெயர் மாறிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று எண்ண வேண்டாம், வண்டிக் கடன் ஒன்று, பேட்டரி ஒப்பந்தம் ஒன்று. பேட்டரிக்குப் பணம் போட்ட நிதி நிறுவனத்தில் பாக்கி எவ்வளவு, ஒப்பந்தம் உங்கள் பெயருக்கு மாறுமா, மாதத்துக்குக் குறைந்தபட்சம் இத்தனை கிலோமீட்டருக்குக் கட்டியே ஆக வேண்டும் என்று நிபந்தனை இருக்கிறதா என்று எழுத்தில் வாங்குங்கள். இரண்டு இடத்திலிருந்தும் தடையில்லாச் சான்று வரும்வரை அட்வான்ஸுக்கு மேல் ஒரு ரூபாய் தர வேண்டாம்.